மழை பெய்தும் பயிர் வாடுவது ஏன்? கேள்வி பதில்

கேள்வி: ஐயா, இந்தப் பருவத்தில் மொத்த மழை வழக்கமான அளவுதான். ஆனாலும் பயிர் வாடிவிட்டது. எப்படி?

மழைக்கணக்கை மட்டும் பார்த்தால் இது புரியாது. வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் கூடினால், காற்றால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைத் தாங்க முடியும். அதனால் மழையில்லாத நாட்களில் மண்ணிலும் இலையிலும் உள்ள ஈரத்தை அது வேகமாக இழுத்துக்கொள்கிறது. பெய்யும்போதோ கொட்டித் தீர்க்கிறது. நாலு நாள் நிதானமாகப் பெய்ய வேண்டியது நாலு மணி நேரத்தில் கொட்டினால், பெரும்பகுதி மண்ணுக்குள் இறங்காமல் மேல்மண்ணையும் அரித்துக்கொண்டு ஓடிவிடும். கணக்கில் மழை இருக்கும், வேரடியில் ஈரம் இருக்காது. வறட்சியை நான் வேரடி ஈரத்தை வைத்துத்தான் பார்ப்பேன்.

கேள்வி: நன்றாகக் காய்ந்த மண்ணில் தண்ணீர் விட்டால் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறதே?

நல்ல கவனிப்பு. மக்கிய தழைகளிலுள்ள மெழுகு போன்ற பொருள் மண்துகள்மேல் படிந்திருக்கும். மண் மிகவும் காய்ந்தால் அது தண்ணீரை ஒட்டவிடாது. மணற்பாங்கான நிலத்தில் இது அதிகம். கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டு நனையுங்கள். களிமண்ணின் கதை வேறு. அது சுருங்கி வெடிக்கும்; வெடிப்பு வழியே அடிமண் ஈரமும் போய்விடும், வேரும் அறுபடும்.

கேள்வி: கரியமில வாயு கூடினால் பயிர் செழிக்கும் என்கிறார்களே?

பாதி உண்மை. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த அந்த வாயு, இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. நெல்லும் கோதுமையும் இதனால் கூடுதலாக வளரக்கூடும். ஆனால் தானியத்தில் புரதம், துத்தநாகம், இரும்பு குறைகின்றன.

அப்புறம், வெப்பம் அந்த லாபத்தைத் தின்றுவிடும். நெல் பூக்கும் நேரத்தில் 35 டிகிரியைத் தாண்டினால் மகரந்தம் கெட்டுக் கதிர் பதராகும். இரவுச் சூடும் லேசுப்பட்டதல்ல. பகலில் சேர்த்த மாவுச்சத்தைப் பயிர் இரவில் சுவாசத்திலேயே செலவழித்துவிடும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில், இரவு வெப்பம் 1 டிகிரி கூடியபோது கோடைப் பருவ விளைச்சல் சுமார் 10 விழுக்காடு குறைந்தது. 2004-இல் வெளியான முடிவு இது.

கேள்வி: வறட்சியில் குட்டையாக நின்றுவிட்ட சோளப்பயிரில் மாட்டை மேய விடலாமா?

வேண்டாம். வாடிய இளஞ்சோளத்திலும், மழைக்குப் பின் வரும் புதுத் துளிரிலும் சயனைடு நஞ்சு கூடியிருக்கும். மாடு சில நிமிடங்களில்கூட இறந்துபோகலாம்.

கேள்வி: கட்டாந்தரையாகிப்போன நிலம் திரும்புமா?

மேல்மண் மிச்சமிருந்தால் திரும்பும். மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் யகூபா சவதோகோ என்ற விவசாயி 1980-களில், இறுகிய நிலத்தில் கோடையிலேயே சிறு குழிகள் வெட்டி எருவிட்டார். எருவுக்கு வந்த கரையான்கள் மண்ணைத் துளைத்தன. அந்தத் துளைகளில் மழைநீர் இறங்கியது. தானியம் விளைந்தது, பிறகு காடே வளர்ந்தது. 2018-இல் அவருக்கு, 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது. இவரைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது.

மேல்மண் போய்விட்டால் நிலைமை வேறு. அமெரிக்கச் சமவெளிகளில் புல்வெளியை உழுதுபோட்டிருந்தார்கள். 1930-களின் வறட்சியில் அந்த மண் புழுதிப்புயலாகப் பறந்தது. ஒரு சென்டிமீட்டர் மேல்மண் உருவாக நூற்றாண்டுகள்கூட ஆகலாம். அதனால் உங்கள் நிலத்தை வெறுமையாக விடாதீர்கள். அறுவடை முடிந்ததும் தட்டையை எரிக்காமல் அங்கேயே மூடாக்காகப் பரப்புங்கள். குழி வெட்டுவதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.