சீனி வருத்தத்தில் வயிறு கெடுவதற்கு மனசுதான் காரணமா?

அம்மாவுக்குக் கனகாலமாகச் சீனி வருத்தம், சாப்பிட்டால் வயிறு ஊதி ஓங்காளம் வருகிறது, எண்டோஸ்கோப்பியில் (வாய் வழியாகக் கமெராக் குழாய் விட்டுப் பார்ப்பது) ஒன்றும் இல்லை, "யோசனையால் வருவது" என்கிறார்கள், உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி உண்மை. யோசனை வயிற்றைக் குழப்பும்தான். ஆனால் பல வருடமாகச் சீனி கூடி நின்றால் கால் நரம்பு கெடுவது மாதிரியே இரைப்பையை அசைக்கிற வேகஸ் நரம்பும் கெடும். அடைப்போ புண்ணோ இராது. இரைப்பை சரியாக அசையாததால் சாப்பாடு மணிக்கணக்கில் கிடக்கும். எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இல்லை என்றால் எல்லாம் மனசு என்று அர்த்தமில்லை.

நான் களுவாஞ்சிகுடிப் பக்கம். மாமிக்கு இதே கதை. காலையில் நாலு வாய் குரக்கன் பிட்டுத்தான், மத்தியானம் ஏப்பம் விட்டால் காலைச் சொதி மணக்கும். போட்ட இன்சுலின் ஊசி வேலையைத் தொடங்கிவிடும், சாப்பாடோ குடலுக்கு வந்து சேர்ந்திராது. வியர்த்து நடுங்குவார், பார்த்தால் சீனி 70க்குக் கீழே. பின்னேரம் 250ஐத் தாண்டி நிற்கும். "களவாத் தின்னுறா" என்று வீட்டில் ஏச்சு வேறு. மறுகா ஊசிக்கும் பயம், சோற்றுக்கும் பயம். கல்யாண வீடுகளுக்குப் போவதை விட்டார். கோயிலுக்குப் போனாலும் முந்தானையில் ரொபி முடிந்திருக்கும்.

பயந்தால் உடம்பில் அட்ரினலின், கோட்டிசோல் என்ற ஹோர்மோன்கள் கூடும், அவை சீனியை ஏற்றும். சீனி ஏறினால் இரைப்பை இன்னும் மந்தமாகும். எது முதலில் வந்தது என்று தேடுவதில் பிரயோசனமில்லை, இரண்டுக்கும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

குளுசைகளையும் கவனியுங்கள். சீனிக்குக் கொடுக்கும் மெட்போமின் சிலருக்கு வயிற்றை ஊத வைக்கும், வயிற்றோட்டமும் தரும். மெதுவாகக் கரையும் வகை பலருக்கு ஒத்துக்கொள்ளும். மெட்போமினை நெடுநாள் எடுத்தால் வைட்டமின் பி12 குறையலாம். அது குறைந்தால் கால் விறைப்பு, மனச்சோர்வு இரண்டும் வரும், ஆகவே அந்த இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அமிட்ரிப்டிலின் போன்ற சில மருந்துகள் இரைப்பையை மந்தமாக்கும். மனநல டொக்டரிடமும் வயிற்றுக் கதையைச் சொல்லத்தான் வேண்டும்.

மனநலக் கிளினிக்குக்குப் போகச் சொன்னதும் மாமி முதலில் "எனக்கென்ன பைத்தியமா" என்று நின்றார். அந்தக் கிளினிக்கில்தான் யாரோ முதன்முதலாகப் பொறுமையாக அவர் பேச்சைக் கேட்டார்கள்.

சாப்பாட்டில் ஒரு சிக்கல் உண்டு. சீனிக்கு நல்லதென்று சொல்லும் கீரை வறையும் குரக்கனும் இந்த வயிற்றில் தங்கி நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக, குழைவாக, எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குறைத்துக் கொடுங்கள். சாப்பிட்டதும் படுக்க விடாமல் முற்றத்தில் நடக்க வையுங்கள். ஊசி நேரத்தை மட்டும் நீங்களாக மாற்றாதீர்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார், எப்போது சீனி இறங்கியது, எப்போது ஏறியது என்று கிளினிக் கொப்பியில் எழுதிக் காட்டினால் டொக்டரே முடிவெடுப்பார்.

நேற்றுத் தின்றது இன்று சத்தியாக வந்தாலோ, தண்ணீர்கூட வயிற்றில் நிற்காவிட்டாலோ, அடுத்த கிளினிக் திகதி வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.