போன கரண்டு எந்த வழியா திரும்பி வருது? (வாசகர் கேள்வி பதில்)

கேள்வி (டர்பன் சாட்ஸ்வொர்த் வாசகர்): அண்ணே, லோட் ஷெடிங் காலத்துல வாங்கின பேட்டரியில சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு காட்ட ஒரு சின்ன போர்டு நானே டிசைன் பண்ணி கிச்சன் சுவத்துல மாட்டியிருக்கேன். வேலை நல்லாத்தான் செய்யுது, ஆனா ஆன் பண்ணினதும் ஆயா கேக்குற லோட்டஸ் எஃப்எம்ல ஜ்ஜ்ர்ருனு சத்தம். ஸ்க்ரீனுக்குப் போற கிளாக் (தாளம் தட்டுற சிக்னல்) வெறும் 8 மெகாஹெர்ட்ஸ். எஃப்எம் இருக்கிறதோ 88 பக்கம். அது வரைக்கும் இது எப்படிப் போகும்?

பதில்: ஆயா பக்கம்தான் நியாயம் தம்பி. 8 மெகாஹெர்ட்ஸ்ங்கறது செகண்டுக்கு எத்தன தடவ மேல கீழ போகுதுங்கற கணக்குதான், ரேடியோவுக்குத் தொல்லை குடுக்கிறது ஒவ்வொரு தடவையும் எவ்வளவு வெடுக்குனு ஏறுதுங்கறது. கிளாக் மாதிரி டக்குடக்குனு ஏறி இறங்குற சதுர அலைக்குள்ள 8ஓட 3 மடங்கு, 5 மடங்கு, 7 மடங்குன்னு ஒரு கூட்டமே ஒளிஞ்சிருக்கு, 11வது வந்தா 88, 13வது 104, ஏறி இருக்கிற நேரமும் இறங்கி இருக்கிற நேரமும் சரிபாதியா இல்லைன்னா 12வதும் சேந்து 96ல வந்து நிக்கும். உங்க சிப்புல சிக்னல் 2 நானோசெகண்டுல ஏறுதுன்னு வெச்சுக்குங்க, 0.35ஐ அதால வகுத்தா 175 மெகாஹெர்ட்ஸ், அது வரைக்கும் அலையில நல்ல பலம் இருக்கும். நம்பலைன்னா ஆயா தூங்கறப்ப டயல மெதுவா திருப்பிப் பாருங்க. 88, 96, 104 பக்கம் சத்தம் தூக்கும். சில இடத்துல சத்தத்துக்குப் பதிலா வழக்கமான இரைச்சல் கூட அடங்கி ஒரேயடியா மௌனமாயிடும், அதுவும் உங்க போர்டு பண்ற வேலைதான்.

சரி, வெளிய எப்படி வருது? நீங்க அனுப்புன போட்டோவ பெருசு பண்ணிப் பாத்தேன். போர்டுலேர்ந்து ஸ்க்ரீனுக்கு 40 சென்டிமீட்டர் ரிப்பன் கேபிள், கிளாக் ஒரு ஓரத்துல, கரண்டு திரும்பி வர்ற கிரவுண்டு ஒயர் ஒன்னே ஒன்னு, அதுவும் எதிர் ஓரத்துல. கரண்டு இந்தக் கரையில போயி அந்தக் கரையில திரும்புது, நடுவுல இருக்கிற பரப்பு முழுக்க ஆன்டெனா. கிளாக்குக்குப் பக்கத்து ஒயரையே கிரவுண்டா மாத்துங்க, முடிஞ்சா ஒரு சிக்னல் ஒரு கிரவுண்டுன்னு மாத்தி மாத்தி விடுங்க. கேபிளையும் பாதியா வெட்டுங்க, அவ்வளவு நீளம் எதுக்கு? 40 சென்டிமீட்டர் போக சுமாரா 2 நானோசெகண்டு, அங்க மோதித் திரும்பி வர இன்னொரு 2, சிக்னல் ஏறி முடிச்ச பின்னாடி எதிரொலி வந்து சேருது, அதான் ஸ்கோப்புல (அலைய திரையில காட்டுற கருவி) மணி அடிச்ச மாதிரி நடுங்கும். அதுக்கு கிளாக் வெளிய வர்ற பின்னுக்குப் பக்கத்துலயே தொடர்ல 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்னு வைங்க. ஸ்க்ரீன் பக்கம் வெச்சா புண்ணியமில்ல. ஸ்க்ரீன் தடுமாறாத வரைக்கும் 47, 100னு ஏத்திப் பாக்கலாம். சில சென்ட் செலவு, இத மொதல்ல பண்ணுங்க.

கேள்வி (ஃபீனிக்ஸ், இன்ஜினியரிங் மாணவி): அண்ணா, டிஜிட்டல் கிரவுண்டையும் அனலாக் கிரவுண்டையும் தனித்தனியா வெட்டிடுன்னு சீனியர் சொல்றார், வெட்டாதன்னு இன்னொருத்தர் சொல்றார். அப்புறம் நாலு லேயர் (செம்பு அடுக்கு) போர்டு நெசமாவே தேவையா?

பதில்: வெட்டாதம்மா. பல நாளா சொல்லிச் சொல்லி வேதவாக்கு ஆயிட்ட பழக்கம் இது. கிரவுண்டு (போர்டுல விரிச்ச செம்புப் பரப்பு) முழுசா இருந்தா திரும்பி வர்ற கரண்டு மேல போற ட்ரேஸுக்கு (சிக்னல் போற மெல்லிய செம்புக் கோடு) நேர் கீழ ஒட்டிக்கிட்டே வரும், வேகமான சிக்னலுக்கு அந்த வழியிலதான் இண்டக்டன்ஸ் (கரண்டு மாறுறத எதிர்க்கிற குணம்) கம்மி. நடுவுல நீ ஒரு வெட்டு போட்டு அதுக்கு மேல ட்ரேஸ இழுத்தா, சதர்ன் ஃப்ரீவேய மூடினதும் வண்டியெல்லாம் மெர்பேங்க் சந்துபொந்துக்குள்ள பூந்து சுத்திக்கிட்டு வர்ற கதைதான், அந்த சுத்து எவ்வளவு பெருசோ அவ்வளவு கதிர்வீச்சு. பார்ட்ஸ மட்டும் பிரிச்சு வை, அனலாக் ஒரு மூலை, டிஜிட்டல் ஒரு மூலை, ட்ரேஸ் ஒன்னு மத்த ஏரியாவுக்குள்ள போகாம பாத்துக்கோ.

நானும் வெட்டினவன்தான். கேட் மோட்டாருக்கு ஒரு கன்ட்ரோல் போர்டு பண்ணேன், கிரவுண்டுல அழகா ஒரு கோடு, அதுக்கு மேல மூணே மூணு ட்ரேஸ். இரைச்சல் அளக்கிற டெஸ்ட் லேப்ல மூணு தடவ ஃபெயில், ஒவ்வொரு தடவையும் காசு. கடைசியில அந்தக் கோட்ட செம்பு டேப்பால மூடி ஈயம் வெச்சு ஒட்டினேன், நாலாவது தடவ பாஸ்.

நாலு லேயருக்கு வர்றேன். ரெண்டு லேயர் போர்டுல மேல ட்ரேஸுக்கும் கீழ கிரவுண்டுக்கும் நடுவுல ஒன்றரை மில்லிமீட்டர் இருக்கும், நாலு லேயர்ல 0.2 பக்கம். கரண்டு போயித் திரும்புற சுத்தோட பரப்பு (லூப் பரப்பு) ஏழு மடங்குக்கு மேல சுருங்குது, இரைச்சல் டெசிபல்ல 17 கிட்ட குறையும். வேற எந்த வித்தையும் இவ்வளவு சுளுவா இத்தன டெசிபல் தராது. காலேஜ் ப்ராஜெக்டுன்னா ரெண்டு லேயரே போதும், கீழ்ப்பக்கம் முழுக்க கிரவுண்டுக்குன்னு விட்டுடு. விக்கப் போற சாமான்னா நாலுக்குப் போயிடு.

கேள்வி (டோங்காட் வாசகர்): போர்ட பிஸ்கட் டின்னுக்குள்ள வெச்சு மூடிட்டேன். ரேடியோவுல வர்ற இரைச்சல் கொஞ்சம் கூட குறையல. டின் சரியில்லையா?

பதில்: டின்ன குறை சொல்லாதீங்க ஐயா, ஓட்ட போட்டு ஒயர வெளிய விட்டீங்கல்ல, அதான். உள்ள இருக்கிற இரைச்சல் அந்த ஒயர் மேல ஏறி வெளிய வந்து ஆன்டெனாவா நிக்குது. ஒரு மீட்டர் ஒயர்ல 50 மெகாஹெர்ட்ஸ்ல வெறும் 5 மைக்ரோ ஆம்பியர் ஓடினாலே 3 மீட்டர் தள்ளி மீட்டருக்கு 100 மைக்ரோவோல்ட் சொச்சம் வரும், வீட்டு சாமானுக்கு உள்ள எல்லையே சுமாரா அவ்வளவுதான். ஒயர் வெளிய வர்ற எடத்துலயே ஃபெரைட் க்ளிப் (இரைச்சல அமுக்குற காந்தப் பொருள் வளையம்) மாட்டுங்க, ஒயர அதுக்குள்ள ரெண்டு சுத்து விட்டா இன்னும் நல்லா பிடிக்கும். போர்டு கிரவுண்டையும் அந்த ஓட்டைக்குப் பக்கத்துல டின்னோட ஸ்க்ரூ போட்டு முடுக்குங்க, ஆனா அங்க இருக்கிற பெயின்ட சுரண்டிட்டு முடுக்குங்க.