பற்களின் மேல் நிற்கும் பகை

மதிப்பிற்குரிய ஐயா,

'எர்னெஸ்ட்டும் செலெஸ்தீனும்' (2012) என்ற பிரெஞ்சு அனிமேஷன் படத்தை என் மகளோடு பார்த்தேன். தரைக்கு மேலே கரடிகளும் கீழே எலிகளும் பகைத்து வாழும் அந்தக் கதையில், அநாதை எலியான செலெஸ்தீனும் கரடி எர்னெஸ்ட்டும் முடிவில் ஊர்களை விட்டு விலகிச் சேர்ந்து வாழப் போய்விடுகிறார்கள். இரண்டு ஊர்களும் மாறவில்லை. விலகிப்போவதுதான் வளர்ச்சி என்று குழந்தைகளுக்குச் சொல்லலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

ஊர்கள் மாறவில்லை என்பது உண்மைதான்; அவை ஏன் எளிதில் மாறாது என்பதைப் படம் முதலிலேயே காட்டிவிடுகிறது. அநாதை விடுதியில் கரடியைப் பற்றிப் பயங்கரக் கதை கேட்டு வளரும் எலிக்குஞ்சுகளைத்தான், கரடிக் குட்டிகளின் விழுந்த பற்களைப் பொறுக்கிவர எலிகள் மேலே அனுப்புகின்றன. எலிகளின் தேய்ந்த முன்பற்களுக்குப் பதிலாகப் பொருத்த அந்தப் பற்கள் வேண்டும். மேலேயோ, ஒரு கரடி மிட்டாய் விற்றுப் பற்களைக் கெடுக்க, அதன் மனைவி எதிர்க்கடையில் பற்களை விற்கிறாள். விழுந்த பல்லுக்கு எலி காசு வைக்கும் என்று தங்கள் பிள்ளைக்குக் கதை சொல்லும் அதே பெற்றோர், நிஜ எலியைக் கண்டால் அலறுகிறார்கள். பயமும் பிழைப்பும் இப்படிப் பின்னிக் கிடக்கும் இடத்தில், இரண்டு பேரின் நட்பு ஊரையே திருத்திவிட்டதாகக் காட்டியிருந்தால் நான் அதை நம்பியிருக்க மாட்டேன்.

செலெஸ்தீனின் வளர்ச்சியை நான் அவள் மறுப்புகளில் காண்கிறேன். பல் மருத்துவம் பயில வேண்டியவள் ஓவியம் வரைகிறாள். நீதிபதிகளின் குடும்பத்தில் பிறந்த எர்னெஸ்ட் இசையை நாடியதும் அதே மாதிரியான மறுப்புதான். நண்பர்களான பிறகும் பழைய பயம் கனவில் வருகிறது என்று காட்டியிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். பிறகு எலிகளின் நீதிமன்றத்தில் அவனும் கரடிகளின் நீதிமன்றத்தில் அவளும் நிறுத்தப்படும்போது, ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க இருவருமே மறுக்கிறார்கள். அந்த நீதிமன்றங்கள் தீப்பிடித்தபோது தங்களை விசாரித்த நீதிபதிகளையே காப்பாற்றுகிறார்கள். ஓடி ஒளிபவர்கள் செய்கிற காரியமா அது?

இன்னொன்றும் உண்டு. பெல்ஜிய ஓவியர் கேப்ரியல் வின்சென்ட் 1981 முதல் வெளியிட்ட சித்திரக் கதைகளில் கரடியும் எலியும் ஒரே வீட்டில் சாதாரணமாக வாழ்கின்றன. பகைகொண்ட இரண்டு உலகங்கள் திரைக்கதை எழுதிய தானியல் பென்னாக் சேர்த்தவை. படம் முடியும் வீடு அந்தப் புத்தகங்களின் வீடு. அங்கே சேர்ந்து வாழ்வதற்கான அனுமதியை, காப்பாற்றப்பட்ட நீதிபதிகளின் வாயாலேயே அவர்கள் பெறுகிறார்கள். இரண்டு சட்டங்களும் இதுவரை தராத அனுமதி அது. ஆகவே அதை விலகிப்போவது என்று சொல்ல என்னால் முடியவில்லை.