அடிவயிற்று ஸ்கேன் ரிப்போர்ட்டும் புற்றுநோய் பயமும்: கேள்வி பதில்

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுத்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்கள், தங்கள் டாக்டரைப் பார்க்கும் நாள் வரை தூக்கமில்லாமல் தவிப்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த இடைப்பட்ட நாட்களுக்காகத்தான் இந்தப் பதில்கள். பெரும்பாலானவர்கள் பயந்துபோய்க் கேட்பது கட்டியின் அளவை வைத்து. நான் முதலில் பார்ப்பது அதன் உள்ளே என்ன இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு மாதவிடாய் நின்றுவிட்டதா இல்லையா என்பதை. அளவு அதற்குப் பிறகுதான்.

கேள்வி: எனக்கு 34 வயது. வயிற்றுவலிக்காக ஸ்கேன் எடுத்தேன். ‘வலது ஓவரியில் 4.2 செ.மீ. சிம்பிள் சிஸ்ட்’ என்று வந்திருக்கிறது. கேன்சராக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது டாக்டர்.

பயப்பட வேண்டாம் அம்மா. அந்த வரியில் 4.2-ஐ விட ‘சிம்பிள்’ என்பதுதான் முக்கியம். சுவர் மெல்லியதாக இருக்கிறது, உள்ளே தெளிந்த நீர் மட்டும்தான், தடுப்பு எதுவும் இல்லை, சதைபோல் எதுவும் துருத்திக்கொண்டிருக்கவில்லை என்று சுற்றிச் சுற்றிப் பார்த்த பிறகுதான் அப்படி எழுதுவோம். திரையில் அது முழுக்கக் கறுப்பாக, ஓரம் வழவழவென்று தெரியும். உங்கள் வயதில் இப்படிப்பட்ட நீர்க்கட்டி புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது.

மாதாமாதம் சினைமுட்டை வளர்வதே ஒரு சிறு நீர்ப்பைக்குள்தான். அது இரண்டு, இரண்டரை செ.மீ. வரை பெருத்து, வெடித்து முட்டையை வெளியே விடும். சில மாதங்களில் வெடிக்காமல் மேலும் வீங்கிவிடுவதுண்டு. உங்களுக்கும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாக வற்றிவிடும். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு 5 செ.மீ.க்குக் குறைவான சிம்பிள் சிஸ்ட் இருந்தால் மறு ஸ்கேன்கூடத் தேவையில்லை என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி. 5 முதல் 7 வரை ஆண்டுக்கு ஒரு ஸ்கேன். அதற்கு மேல் போனால் எம்ஆர்ஐ அல்லது அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவார்கள். ரொம்பப் பெரிய கட்டியின் எல்லாப் பக்கத்தையும் அல்ட்ராசவுண்டில் சரியாகப் பார்க்க முடியாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

‘ஹெமரேஜிக் சிஸ்ட்’ என்று வந்து பயந்தவர்களுக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இதே மாதிரி நீர்க்கட்டிக்குள் கொஞ்சம் இரத்தம் கசிந்திருக்கிறது, அவ்வளவுதான். திரையில் உள்ளே சிலந்தி வலை பின்னியதுபோல் தெரியும். அதுவும் கரைந்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இடது சினைப்பையில் 6 செ.மீ. கட்டி, ‘மல்டிபிள் செப்டேஷன், சாலிட் கம்போனென்ட், வாஸ்குலாரிட்டி’ என்று எழுதியிருக்கிறார்கள். சிஏ-125 இரத்தப் பரிசோதனை 84. குடும்பத்தில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஊசி போட்டு நீரை எடுத்துப் பார்க்கலாமா?

இதை நீங்கள் தள்ளிப்போடக் கூடாது. உள்ளே பல தடுப்புகள், சதைப்பகுதி, அந்தச் சதைக்குள் இரத்த ஓட்டம். மாதவிடாய் நின்ற பெண்ணிடம் இவை சேர்ந்து வந்தால் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும் வரை விடாமல் பார்க்க வேண்டும். இதனால் புற்றுநோய்தான் என்று ஆகிவிடாது. தீங்கில்லாத கட்டிகளும் இப்படித் தோற்றம் காட்டும். இரண்டுக்கும் நடுவில் ‘பார்டர்லைன்’ வகைக் கட்டிகளும் உண்டு.

டாக்டர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள். ஸ்கேனில் சந்தேக அடையாளங்கள் இரண்டு அல்லது அதற்கு மேல் இருந்தால் 3. மாதவிடாய் நின்றிருந்தால் இன்னொரு 3. இரண்டையும் பெருக்கி, வந்ததை சிஏ-125 (சினைப்பைப் புற்றுநோயில் இரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) அளவால் பெருக்க வேண்டும். அம்மாவுக்கு 3 × 3 × 84, அதாவது 756. இது 200-ஐத் தாண்டினாலே புற்றுநோய் அறுவை சிகிச்சையில் பயிற்சி பெற்ற மகளிர் நோய் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்பது பல இடங்களிலும் பின்பற்றப்படும் வழக்கம். இந்த எண் நோயை முடிவு செய்வதில்லை. யாரிடம் போக வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது.

ஊசி வேண்டாம். இதை அழுத்தியே சொல்கிறேன். கட்டி சினைப்பைக்குள் மட்டும் அடங்கியிருக்கும் நிலையில் குத்தினால், உள்ளிருக்கும் செல்கள் வயிற்றுக்குள் சிந்தலாம். ஆரம்ப நிலையில் இருந்த நோய் அதனாலேயே அடுத்த நிலைக்குப் போய்விடக்கூடும். எடுத்த நீரில் புற்றுநோய் செல் தென்படாவிட்டாலும் நோய் இல்லை என்று ஆகாது. கட்டியை உடையாமல் முழுதாக எடுத்து, பயாப்சிக்கு அனுப்புவதுதான் முறை. அதற்கு முன் எம்ஆர்ஐ அல்லது சி.டி. எடுக்கச் சொல்வார்கள். முதல் அறுவை சிகிச்சையை யார் செய்கிறார் என்பது இந்த நோயில் மிகவும் முக்கியம். ஆகவே இந்த வாரமே அந்த நிபுணரிடம் நேரம் வாங்குங்கள். உறவினர்கள் சொல்வதையெல்லாம் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கேள்வி: 29 வயது. சாக்லேட் சிஸ்ட் இருக்கிறது. சிஏ-125 68 வந்திருக்கிறது, நார்மல் 35 என்று போட்டிருக்கிறதே?

சாக்லேட் சிஸ்ட், அதாவது சினைப்பையில் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்சுவர் போன்ற திசு வெளியே வளர்வது), இருந்தாலே இந்த அளவு ஏறலாம். மாதவிடாய் நாட்களிலும், கர்ப்பத்திலும், நார்க்கட்டி (ஃபைப்ராய்டு) இருந்தாலும், அடிவயிற்றில் தொற்று இருந்தாலும், கல்லீரல் நோயிலும், வயிற்றுக் காசநோயிலும்கூட ஏறும். உங்கள் வயதில் 68-ஐ மட்டும் வைத்து யாரும் எந்த முடிவுக்கும் வர மாட்டார்கள். இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள்: ஆரம்ப நிலைச் சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த அளவு ஏறியே இருக்காது. அறிகுறி ஏதும் இல்லாதவர்கள் ‘சும்மா பார்த்துவிடலாம்’ என்று இந்தச் சோதனையைச் செய்துகொள்ள வேண்டாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

கேள்வி: ‘எண்டோமெட்ரியம் 14 மி.மீ., திக்கன்ட்’ என்று இருக்கிறது. வயது 38. மாதவிடாய் நான்கு நாளில் வர வேண்டும்.

மாதவிடாய்க்கு முன் கருப்பையின் உட்சுவர் தடித்துத்தான் இருக்கும். அந்த நாட்களில் 14 இயல்பே. முடிந்தவுடன் பார்த்தால் 4 மி.மீ.க்குள் வந்திருக்கலாம். தேதியைச் சொல்லாமல் ஸ்கேன் எடுத்தால் இப்படித் தேவையில்லாத கலக்கம் வரும். ஆனால் இடையிடையே இரத்தப்போக்கு இருந்தாலோ, மாதவிடாய் மாதக்கணக்கில் தள்ளிப்போய் வந்தாலோ டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்போது எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உட்சுவரிலிருந்து மாதிரி எடுத்துப் பார்ப்பதுதான் சரி.

கேள்வி: எனக்கு 57. மாதவிடாய் நின்று மூன்று வருடம் கழித்து ஒரே ஒரு நாள் லேசாகக் கறை பட்டது. உட்சுவர் 7 மி.மீ. ஒரு நாள்தானே, விட்டுவிடலாமா?

விடாதீர்கள் அம்மா. மாதவிடாய் நின்ற பிறகு ஒரு துளி பட்டாலும் பார்த்தாக வேண்டும். உட்சுவர் 4 மி.மீ. அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் கருப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு என்பதால் பெரும்பாலும் மாதிரி எடுக்காமல் இருப்பார்கள். உங்களுக்கு 7. பயாப்சி தேவை. இப்படி வருகிறவர்களில் பெரும்பாலானோருக்கு பிறப்புறுப்பு வறட்சியோ, பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சியோதான் காரணமாக இருக்கும். புற்றுநோயாகவே இருந்தாலும், இரத்தம் காட்டி முன்கூட்டியே எச்சரிக்கும் நோய் இது. அந்த எச்சரிக்கையை மதித்து வந்தவர்களில் பலர் முழுமையாகக் குணமாகிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்காகத் தமாக்ஸிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கறை பட்டால் இன்னும் விரைவாக வர வேண்டும். அந்த மாத்திரை உட்சுவரைத் தடிக்கச் செய்யும், இந்தப் புற்றுநோய்க்கான வாய்ப்பையும் கூட்டும்.

கேள்வி: மூன்று ஃபைப்ராய்டு இருக்கிறது. பிற்பாடு கேன்சராக மாறுமா?

நார்க்கட்டிகள் புற்றுநோயாக மாறுவதாகக் கருதப்படுவதில்லை. 50 வயதுக்குள் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இவை வந்துவிடுகின்றன, பலருக்குத் தெரிவதே இல்லை. நார்க்கட்டி போலவே தோற்றம் காட்டும் சார்கோமா என்ற புற்றுநோய் இருக்கிறது, ஆனால் மிக அரிது. மாதவிடாய் நின்ற பிறகும் கட்டி வளர்ந்துகொண்டே போனால் அதை மனதில் வைத்துப் பார்ப்போம்.

கேள்வி: ‘மினிமல் ஃப்ரீ ஃப்ளூயிட் இன் பிஓடி’ என்றால்? வயது 26.

கருப்பைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கொஞ்சம் நீர். முட்டை வெடிக்கும் சமயத்தில் இருப்பது சகஜம். ரிப்போர்ட்டில் வேறு ஒன்றும் இல்லையென்றால் மறந்துவிடலாம்.

கேள்வி: ‘ஓ-ராட்ஸ் 3’ என்று எழுதியிருக்கிறார்கள். மூன்றாம் ஸ்டேஜா?

இல்லவே இல்லை. இது புற்றுநோயின் நிலை அல்ல, சினைப்பையில் பார்த்தது புற்றுநோயாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதற்கான வரிசை எண். 1 என்றால் இயல்பு. 2 என்றால் வாய்ப்பு 1 சதவீதத்துக்கும் கீழே. 3 என்றால் 1 முதல் 10-க்குள். 4 என்றால் 10 முதல் 50-க்குள். 5 என்றால் 50-ம் அதற்கு மேலும். 0 என்று போட்டிருந்தால் சரியாகப் பார்க்க முடியவில்லை, மறுபடி எடுக்க வேண்டும். உங்கள் 3-ல் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் புற்றுநோய் இல்லாதவர்கள்தான். ஆனாலும் அனுபவமுள்ள ஒருவர் மறுபடி பார்ப்பதோ எம்ஆர்ஐ எடுப்பதோ நல்லது.

கேள்வி: 46 வயது. மூன்று மாதமாக வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுகிறது, அடிக்கடி சிறுநீர். ஸ்கேன் நார்மல். எல்லோரும் கேஸ் என்கிறார்கள். என் அம்மாவும் சித்தியும் சினைப்பைப் புற்றுநோயில் இறந்தவர்கள்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்குக் கவலையாக இருந்தது. ‘ஸ்கேன் நார்மல்’ என்பதை வைத்து உங்களை யாரும் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. புதிதாக வந்து, மாதத்தில் பல நாட்கள் தொடரும் உப்புசம், சீக்கிரம் வயிறு நிறைதல், அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் இவைதான் சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறிகள். இவை கேஸ் தொல்லை போலவே இருப்பதுதான் இந்த நோயின் கொடுமை. வயிற்றுச் சவ்வில் பொட்டுப் பொட்டாகப் பரவிய நோயை அல்ட்ராசவுண்ட் தவறவிடக்கூடும். சினைக்குழாயின் நுனியில் தொடங்கும் வகையும் அப்படித்தான். எனவே சிஏ-125, தேவைப்பட்டால் சி.டி. என்று தொடர்ந்து கேளுங்கள்.

இன்னொன்று, பிஆர்சிஏ மரபணுச் சோதனை. அம்மா, சித்தி இருவருக்கும் இருந்தது என்பதால் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது அவசியம். பிஆர்சிஏ-1-ல் கோளாறு இருந்தால் வாழ்நாளில் இந்தப் புற்றுநோய் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம். அப்படி இருப்பவர்களுக்குச் சினைப்பையையும் குழாயையும் முன்கூட்டியே எடுத்துவிடுவதுதான் உண்மையான பாதுகாப்பு. வருடா வருடம் ஸ்கேன் எடுத்தால் போதாதா என்று பலர் கேட்கிறார்கள். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021-ல் வெளியானது. ஆண்டுதோறும் ஸ்கேனோ இரத்தப் பரிசோதனையோ செய்தும் இறப்பு குறையவில்லை. அந்த ஆய்வு பொதுவான பெண்களிடம் நடந்தது என்றாலும், ஸ்கேனை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்பதற்கு அது போதும்.

கேள்வி: ஸ்கேன் நன்றாக இருக்கிறது. பாப் ஸ்மியர் இனி தேவையா?

தேவை. கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் எந்த அல்ட்ராசவுண்டிலும் தெரியாது. அதற்கு கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப், அல்லது அந்தப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸைத் தேடும் ஹெச்பிவி சோதனைதான். ‘நபோத்தியன் சிஸ்ட்’ என்று ரிப்போர்ட்டில் இருந்தால் அது கருப்பை வாயில் வரும் சிறு நீர்க்கட்டி, தீங்கில்லாதது.

கேள்வி: அப்பாவுக்கு 66. புராஸ்டேட் 48 சி.சி. என்று இருக்கிறது. புற்றுநோயா?

அந்த வயதில் வீக்கம் மிகச் சாதாரணம், அந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் வீக்கமும் புற்றுநோயும் ஒரே நேரத்தில் ஒருவருக்கு இருக்கலாம், வயிற்றின் மேலிருந்து எடுக்கும் ஸ்கேனில் அதைப் பிரித்தறிய முடியாது. பிஎஸ்ஏ என்ற இரத்தச் சோதனை, விரல் பரிசோதனை, சந்தேகம் இருந்தால் எம்ஆர்ஐ என்று சிறுநீரியல் நிபுணர் (யூராலஜிஸ்ட்) முடிவு செய்வார். சிறுநீர்த் தொற்று இருக்கும்போது பிஎஸ்ஏ எடுத்தால் ஏறிக் காட்டும். தொற்று சரியான பிறகு எடுக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மறு ஸ்கேனுக்கு ஆறு வாரம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். எந்த நாளில் போவது? அதற்குள் என்ன கவனிக்க வேண்டும்?

மாதவிடாய் தொடங்கிய ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் போனால் பழைய நீர்க்கட்டி நிற்கிறதா, வற்றிவிட்டதா என்பது தெளிவாகத் தெரியும். பழைய ரிப்போர்ட்டையும் படங்களையும் கட்டாயம் கொண்டுபோங்கள். ஒப்பிட்டுப் பார்க்காமல் எழுதும் ரிப்போர்ட்டுக்குப் பாதி மதிப்புதான். உள்வழி ஸ்கேன் (பிறப்புறுப்பு வழியாக எடுப்பது) என்றால் சிறுநீர் கழித்துவிட்டுப் போக வேண்டும், வயிற்றின் மேலிருந்து என்றால் சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். திருமணமாகாதவர்களுக்கும் விருப்பமில்லாதவர்களுக்கும் உள்வழி ஸ்கேன் செய்யாமலே பார்க்கலாம், தயங்காமல் சொல்லிவிடுங்கள்.

அதற்குள் ஒரு பக்கமாகத் திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் ஆறு வாரம் காத்திருக்கக் கூடாது. கட்டியோடு சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். இரவானாலும் உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். சில மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் சினைப்பையைக் காப்பாற்றிவிடலாம்.