ப்ளூஸ் கிட்டார் வாசிப்பவர் மெட்டல் சோலோவுக்கு மாறுவது எப்படி?

கடலூரில் மூன்று வருடமாக ப்ளூஸ் வாசிக்கிறேன், மெட்டல் சோலோவுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மெட்டலின் முன்னோடியான பிளாக் சாபத்தே ப்ளூஸ் வாசித்துக் கிளம்பிய குழுதான்.

உங்களுக்குப் பழகிய ஏ மைனர் பென்டடானிக் ஸ்கேலில் ஏ, சி, டி, இ, ஜி என ஐந்து சுரம். நம்மூர்க் கணக்கில் சுத்த தன்யாசி. அதோடு பி, எஃப் சேர்த்தால் நேச்சுரல் மைனர், அதாவது நடபைரவி. ஜியை ஒரு ஃப்ரெட், அதாவது கிட்டார் கழுத்தில் ஒரு கட்டம், ஏற்றி ஜி ஷார்ப் ஆக்கினால் ஹார்மோனிக் மைனர், நம் கீரவாணி. எஃப்பிலிருந்து ஜி ஷார்ப்புக்குத் தாவிப் பாருங்கள், அந்த இருட்டு வாசனை உடனே வந்துவிடும்.

சிரமம் வலது கையில்தான். ப்ளூஸின் ஷஃபிள் தாளம் ஆடி ஆடிப் போகும். மெட்டலில் நோட்டுகள் நேராக, சமமாக விழ வேண்டும். தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80 தட்டில் வைத்து பிக்கை மேலும் கீழும் மாறி மாறி அடியுங்கள். சுத்தமாக வந்தால் மட்டும் 5 கூட்டுங்கள்.

அப்புறம் கெயின், அதாவது ஆம்ப்ளிஃபயரில் ஒலியின் கரகரப்பைக் கூட்டும் திருகு. புதுச்சேரியில் ஓர் ஒத்திகை அறையில் அதை முழுக்கத் திருகிவிட்டேன். தொடாத கம்பிகளெல்லாம் இரைந்ததில் சோலோவே கேட்கவில்லை. தடித்த கம்பிகளை வலது உள்ளங்கை ஓரத்தாலும், மெல்லியவற்றை இடது ஆள்காட்டி விரலின் அடிப்பக்கத்தாலும் அடக்கிப் பழகுங்கள்.

கம்பியை வளைத்துச் சுரத்தை ஏற்றும் பெண்டையும், சுரத்தை அசைக்கும் வைப்ரேட்டோவையும் மட்டும் விட்டுவிடாதீர்கள். வேகமாக வாசிக்கிற பையன்கள் பலரிடம் இல்லாதது அதுதான்.