கேளுங்க, சொல்றோம்: பாம் ஷெல்ட்டருக்குள்ள மாட்டிக்கிட்ட வைஃபை

கேள்வி: சிங்கப்பூர் வீவக புதுசா கட்டிக் குடுத்த பிடிஓ வீடு, 1 ஜிபிபிஎஸ் வேக இன்டர்நெட் பிளான். ஹால்லயே வைஃபை சுமார்தான், மாமியார் ரூம்ல யூடியூப் சுத்திக்கிட்டே நிக்குது. 10 ஜிபிபிஎஸ்க்கு மாறிடுங்கன்னு ரோட்ஷோவுல பிளான் விக்கற தம்பி சொல்றாரு, மாறவா? (செங்காங் வாசகி)

மாறாதீங்கக்கா. ரூட்டர் எங்க இருக்குன்னு நீங்க எழுதல, ஆனா அரிசி மூட்டைக்கும் பழைய லக்கேஜுக்கும் நடுவுல பாம் ஷெல்ட்டர்ல, அதான் வீட்டுக்குள்ளயே கட்டியிருக்கற குண்டு தாங்கற சின்ன ரூம்ல, இருக்கும்னு பந்தயமே கட்டுவேன். பல பிடிஓ வீட்டுல ஃபைபர் (கண்ணாடி இழை ஒயர்) பாயிண்ட் அங்கதான் வருது, பொருத்த வர்றவரும் அங்கயே எல்லாத்தையும் வச்சிட்டு போயிடுவாரு. குண்டு வெடிச்சாலும் தாங்கணும்னு கம்பி கட்டி போட்ட கான்கிரீட் செவுரு, அதுக்கு இரும்புக் கதவு வேற, வைஃபை எப்படிக்கா வெளிய வரும்? 10 இல்ல 100 வாங்கினாலும் அந்தக் கதவுக்குப் பின்னாடிதான் நிக்கும்.

இன்டர்நெட் வேற, வைஃபை வேற. தெருவுலேர்ந்து கண்ணாடி இழையில வெளிச்சமா வர்றதுதான் இன்டர்நெட், அத ரூட்டருக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கறது ஓஎன்டிங்கற சின்ன பொட்டி, ரூட்டர் அத வீட்டுல உள்ள போன் டிவிக்கெல்லாம் பிரிச்சு குடுக்குது, ரூட்டர்லேர்ந்து உங்க கைபேசி வரைக்கும் காத்துல போற அந்தக் கடைசி பத்து மீட்டர்தான் வைஃபை. உங்க வீட்டுல கோளாறு அந்தக் கடைசி துண்டுல.

அதனால ஓஎன்டி உள்ளயே இருக்கட்டும். புது வீட்டுல ஹால் செவுத்துலயும் ரூம்லயும் லேன் பாயிண்ட் (நெட் ஒயர் சொருகற இடம்) இருக்கும், அதோட இன்னொரு முனை அந்த ஷெல்ட்டர் பக்கந்தான் வந்து நிக்கும், அதுல ஓஎன்டிய சொருகிட்டு ரூட்டர ஹாலுக்கு கொண்டு வந்து உயரமா வைங்க. மாமியார் ரூமுக்கு அப்பவும் எட்டலன்னா மெஷ், அதாவது வைஃபைய வீடு முழுக்க பரப்பற கூடுதல் பொட்டி, வாங்கலாம், அதையும் லேன் ஒயர்லயே இணைச்சா நல்லது. ஷெல்ட்டர் செவுத்த ஓட்டை போட்டு ஒயர் இழுக்கலாம்னு யாராச்சும் ஐடியா குடுத்தா காதுலயே வாங்காதீங்க, அதுக்கு அனுமதி கிடையாது.

கேள்வி: 1 ஜிபிபிஎஸ்னு காசு வாங்குறாங்க, பேரன் கேம் இறக்கறப்ப 110தான் காட்டுது. ஏமாத்துறாங்களா? (பிடோக் வாசகர்)

இல்லய்யா, பிட்டும் பைட்டும் பண்ற வேலை. பிளான்ல சொல்றது பிட், கேம் காட்டறது பைட், 8 பிட் சேந்தா 1 பைட். 1 ஜிபிபிஎஸ்னா நொடிக்கு 1000 மெகாபிட், அத எட்டால வகுத்தா 125 மெகாபைட், வழிச்செலவு கொஞ்சம் போக 110 வருதுன்னா உங்க லைன் ஜம்முனு இருக்கு. ஆனா ஸ்பீட் டெஸ்ட் பிட்டுலதான் காட்டும், அதுல எத்தன தடவ பாத்தாலும் 94 மெகாபிட்லயே நின்னா லேன் ஒயர மாத்துங்க. 1 ஜிபிபிஎஸ்க்கு உள்ள இருக்கற 8 கம்பியும் வேணும், ஒண்ணு அறுந்தா பல நேரம் 4 கம்பி போதும்னு 100 மெகாபிட்டுக்கு இறங்கிடும், யாருக்கும் சொல்லாது.

கேள்வி: வைஃபை பேரு ரெண்டு வருது, ஒண்ணுல 5ஜின்னு இருக்கு. அதுக்கு தனி பில் வருமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

வராதுமா, கைபேசி 5ஜி வேற. இது 5 கிகாஹெர்ட்ஸ்ங்கற அலைவரிசை, வேகம் ஜாஸ்தி, செவுரு தாண்டினா மூச்சு வாங்கும். இன்னொண்ணு 2.4, மெதுவா போனாலும் தூரம் போகும், ஆனா பக்கத்து வீட்டு வைஃபை, மைக்ரோவேவ் அடுப்பு எல்லாம் அதே அலைவரிசையில முட்டிக்கும்.

கேள்வி: வைஃபை கோடு ஃபுல்லா இருக்கு, நெட் இல்ல. ஏன்? (தோ பாயோ வாசகர்)

அந்தக் கோடு உங்க கைபேசிக்கும் ரூட்டருக்கும் உள்ள உறவ மட்டுந்தாங்க சொல்லுது. ஓஎன்டியில எல்ஓஎஸ்னு ஒரு லைட்டு இருக்கும், அது சிவப்பா எரிஞ்சா வெளிச்சமே உள்ள வரலன்னு அர்த்தம், ரூட்டர எத்தன தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணாலும் பிரயோசனமில்ல. கம்பெனிக்கு போன் போடறதுக்கு முன்னாடி சோஃபாவுக்குப் பின்னாடி எட்டிப் பாருங்க, உள்ள கண்ணாடிங்கறதால ஃபைபர் ஒயர் மடங்கினா வெளிச்சம் கசிஞ்சிடும். எங்க வீட்டுல தீபாவளிக்கு கூட்டிப் பெருக்கறேன்னு சோஃபாவ செவுத்தோட தள்ளினது நாந்தான், ரெண்டு நாளு கம்பெனியத்தான் திட்டிக்கிட்டிருந்தேன்.