ஒரு பேய்ப் பாட்டும் மற்ற எட்டும்

கேள்வி: ஒக்டோபர் வந்தாலே ‘த்ரில்லர்’ போடுகிறார்கள். அந்த இசைத்தட்டு முழுக்கப் பேய்தானா அண்ணே?
– வாசகி, ஹட்டன்

பதில்: இல்லை தங்கச்சி. மைக்கல் ஜாக்சனின் அந்தத் தட்டில் 9 பாட்டுகள். பேய் வருவது ‘த்ரில்லர்’ என்ற ஒரு பாட்டில்தான். தட்டு வெளிவந்ததும், ஒக்டோபர் கடைசியில் பேய் வேடம் போடும் ஹலோவீன் கழிந்து, 1982 நவம்பர் கடைசியில். அந்தப் பாட்டுக்கு ஆட்டத்தோடு வந்த படமும் 1983 டிசம்பரில்தான். ரொட் டெம்பர்டன் எழுதிய அந்தப் பாட்டுக்கு முதலில் ‘ஸ்டார்லைட்’ என்று பெயர். கதவு கிறீச்சிடும், ஓநாய் ஊளையிடும், முடிவில் திகில் பட நடிகர் வின்சென்ட் பிரைஸ் சிரிப்பார். தலவாக்கலையில் மழை இரவு, கரண்ட் இல்லை, லயத்துக் காம்பராவில் பற்றரி கசெற்: அந்தச் சிரிப்புக்கு நாங்கள் பிள்ளைகள் எல்லாம் அம்மாவின் சேலைக்குள் ஒதுங்கினோம். இன்றும் மெய் சிலிர்க்கிறது. ஆனாலும் என் மனம் ‘ஹியூமன் நேச்சர்’ பக்கந்தான். அவ்வளவு மென்மையான ஏக்கம்! இரண்டாம் பக்கத்தில் மூன்றாவது பாட்டு, கட்டாயம் கேளுங்கள்.